மீள்சுமையில் பாறை விரிசல்களின் புள்ளியியல் இயற்பியல்

மீள்சுமையில் பாறை விரிசல் வளர்ச்சி என்பது, ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமை ஒன்று திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது, பாறைக்குள் நுண்விரிசல்கள் தோன்றிப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் பாறை உடைவதைக் குறிக்கும். இது பாறைச் சோர்வு என்றும் அழைக்கப்படுகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும், அணையில் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் நீர், சுரங்கத்தில் நாள்தோறும் வைக்கப்படும் வெடி, கடல் அலை, நிலவின் ஈர்ப்பு ஆகிய எல்லாமே பாறைக்கு மீள்சுமைகள்தாம்.

பாறைக்குள் இலட்சக்கணக்கான நுண்விரிசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட இயலாது. வளிமத்தின் மூலக்கூறுகளைத் தனித்தனியே பின்தொடராமல் அழுத்தம், வெப்பநிலை என்ற மொத்த அளவுகளைப் புள்ளியியல் இயற்பியல் கணிப்பதுபோல, விரிசல்களின் கூட்டத்தையும் மொத்தமாக நோக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. பாறை எப்போது உடையும், உடையுமுன் எச்சரிக்கை தருமா என்பதே இத்துறையின் மையக் கேள்வி. சுரங்கத்துக்குள் வேலை செய்பவருக்கும் மலைச்சரிவின் கீழ் வீடு கட்டியவருக்கும் இது உயிர் தொடர்பான கேள்வியும் ஆகும்.

வலிமைக் குறைவின் காரணம்

அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு திண்மத்தின் இழுவிசை வலிமை ஏறத்தாழ அதன் மீட்சிக் குணகத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கருங்கல்லின் மீட்சிக் குணகம் சுமார் 50 கிகாபாசுக்கல். அதன்படி வலிமை 5 கிகாபாசுக்கல், அதாவது 5,000 மெகாபாசுக்கல் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் கருங்கல் சுமார் 10 மெகாபாசுக்கல் அளவிலேயே அறுந்துவிடுகிறது. எதிர்பார்த்ததில் சில நூறில் ஒரு பங்கு வலிமைதான் கையில் கிடைக்கிறது.

இந்த இடைவெளிக்கு 1921-இல் விளக்கம் தந்தவர் இங்கிலாந்தின் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித். வானூர்தித் துறையில் பணியாற்றிய அவர் கண்ணாடி இழைகளை வைத்து ஆய்வு செய்தார். பொருளில் ஏற்கெனவே உள்ள நுண்ணிய விரிசல்களின் முனையில் தகைவு பன்மடங்கு குவிகிறது. விரிசல் வளர்வதால் வெளிப்படும் மீட்சி ஆற்றல், புதிய பரப்புகளை உருவாக்கத் தேவைப்படும் ஆற்றலை விஞ்சினால் விரிசல் ஓடத் தொடங்கும். பெரிய விரிசலுக்குக் குறைந்த தகைவே போதும். துணிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டு ஒரே இழுப்பில் கிழிப்பதும் இதே இயற்பியல்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. பொருளின் வலிமையை முடிவு செய்வது அதன் சராசரித் தன்மை அன்று, அதிலுள்ள மிக மோசமான குறை. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமை என்ற இக்கருத்துக்குச் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வாலோடி வைபுல் 1939-இல் கணித வடிவம் தந்தார். ஒரே மலையிலிருந்து வெட்டிய இரண்டு கற்கள் வெவ்வேறு சுமையில் உடைவதற்கும், பெரிய பாறை சிறிய மாதிரியைவிட நலிவாக இருப்பதற்கும் காரணம் இதில் அடங்கியுள்ளது. பாறை பெரிதாகப் பெரிதாக, மோசமான குறை ஒன்று அதற்குள் இருப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆய்வகத்தில் கையளவு உருளையில் கண்ட வலிமையை மலைக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதைப் பொறியியல் மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இழைக்கட்டு மாதிரி

வைபுலின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் முடிந்தது. பாறை அப்படியன்று. ஓரிடத்தில் உடைந்தால் அந்தச் சுமையை அக்கம்பக்கம் ஏற்றுக்கொள்ளும். இதை விளக்க உதவும் மிக எளிய மாதிரி இழைக்கட்டு மாதிரி ஆகும். 1926-இல் பியர்சு என்பவர் பருத்தி நூலின் வலிமையை ஆராய்ந்தபோது இது தோன்றியது. 1945-இல் டேனியல்சு என்ற கணிதவியலாளர் இதை விரிவாக்கினார். நூலுக்காகப் பிறந்த மாதிரி பல பத்தாண்டுகளுக்குப் பின் நிலநடுக்க ஆய்வாளர் கைக்கு வந்தது.

மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, இடையே 1,000 இழைகள் என்று கொள்வோம். இழைகளின் வலிமை ஒன்றுபோல் இல்லை. 0-இலிருந்து 1 வரை சீராகப் பரவியுள்ளது. கீழ்க்கட்டையில் 200 அலகு சுமையைத் தொங்கவிட்டால் இழை ஒன்றுக்கு 0.2 அலகு வருகிறது. அதைவிட நலிந்த 200 இழைகள் அறுகின்றன. இப்போது அதே சுமையை 800 இழைகள் தாங்க வேண்டும். இழைக்கு 0.25 அலகு. மேலும் 50 அறுகின்றன. எஞ்சிய 750-இல் இழைக்கு 0.267 அலகு. இன்னும் 17 போகின்றன. இப்படிக் குறைந்துகொண்டே வந்து ஏறத்தாழ 724 இழைகளில் அறுவது நின்றுவிடும். கட்டு பிழைத்துக்கொண்டது.

சுமை 240 என்றால் எஞ்சுபவை 600. சுமை 250 என்றால் 500. சுமை 251 ஆனால்? ஒன்றும் எஞ்சாது. முதல் 240 அலகில் 400 இழைகளும், அடுத்த 10 அலகில் 100 இழைகளும், அதற்கடுத்த ஒரே ஓர் அலகில் மீதி 500 இழைகளும் அறுகின்றன. நீர் 100 பாகையில் கொதிநிலை எய்துவதுபோல் இங்கும் ஒரு மாறுநிலைப் புள்ளி உள்ளது. அப்புள்ளியை நெருங்கும்போது கட்டு அமைதி அடைய எடுத்துக்கொள்ளும் நேரம் மேலும் மேலும் நீள்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. நிலைமாற்றங்களை ஆராயும் இயற்பியலாளர்களுக்கு நன்கு பழக்கமான அடையாளம் இது. கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிகாசு சக்கரவர்த்தியும் அவர் குழுவினரும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்துள்ளனர். ஒழுங்கற்ற பொருள்களின் முறிவு பற்றி அவர் பெங்குய்கியுடன் எழுதிய நூல் 1997-இல் வெளிவந்தது.

ஓர் இழை அறுவதால் தொடராக அறுந்துபோகும் இழைகளின் எண்ணிக்கையைச் சரிவு என்பர். சுமையை மெல்ல மெல்லக் கூட்டினால் சிறு சரிவுகள் நிறையவும் பெரிய சரிவுகள் குறைவாகவும் நிகழும். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஓர் அடுக்கு விதிக்கு உட்படுகிறது. எம்மரும் ஆன்சனும் 1992-இல் காட்டியபடி அதன் அடுக்கு 5/2. அதாவது அளவு 10 மடங்கு பெரிதானால் அத்தகைய சரிவுகளின் எண்ணிக்கை சுமார் 300-இல் ஒன்றாகக் குறையும். முறிவை மிக நெருங்கிய கட்டத்தில் மட்டும் எண்ணினால் அடுக்கு 3/2 ஆக மாறுகிறது என்று பிரதான், ஆன்சன், எம்மர் ஆகியோர் 2005-இல் காட்டினர். அப்போது 10 மடங்கு பெரிய சரிவு சுமார் 30-இல் ஒன்று. முறிவு நெருங்க நெருங்கப் பெரிய சரிவுகளின் பங்கு கூடுகிறது என்பதே இதன் பொருள்.

பாறை எழுப்பும் ஒலி

இழைகள் அறுவதைப் பார்க்கலாம். பாறைக்குள் விரிசல் வளர்வதைப் பார்க்க முடியாது. ஆனால் கேட்கலாம். ஒவ்வொரு நுண்விரிசலும் ஓடும்போது மிக நுண்ணிய அதிர்வலை ஒன்றை வெளியிடுகிறது. பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண் கொண்ட இதற்கு ஒலி உமிழ்வு என்று பெயர். பாறையின் மீது ஒட்டிய அழுத்தமின் உணரிகள் இதைப் பதிவு செய்கின்றன.

இந்த நுண்ணொலிகளின் பரவல், நிலநடுக்கங்களுக்குக் குட்டன்பர்க்கும் ரிக்டரும் கண்ட விதியையே பின்பற்றுகிறது. அவ்விதிப்படி நிலநடுக்க அளவு ஓர் அலகு கூடினால் எண்ணிக்கை ஏறத்தாழ 10-இல் ஒன்றாகிறது. இதில் வரும் எண் பி-மதிப்பு எனப்படும். பொதுவாக அது 1-ஐ ஒட்டி இருக்கும். கையளவு கல்லுக்கும் கண்டத்தட்டின் விளிம்புக்கும் ஒரே வகை விதி பொருந்துவது வியப்புக்குரியது. சப்பானின் கியூ மோகி 1960-களின் தொடக்கத்தில் இந்த ஆய்வுகளைச் செய்தார். அமெரிக்காவின் கிறிசுடபர் சோல்சு, தகைவு கூடும்போது பி-மதிப்பு குறைகிறது என்று 1968-இல் காட்டினார். பி-மதிப்பு குறைவது என்றால் பெரிய நிகழ்வுகளின் பங்கு கூடுவது. இழைக்கட்டில் 5/2 என்பது 3/2 ஆவதும் இதே திசையிலான மாற்றமே.

மோகியின் மற்றொரு கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. சீரான பொருள் முன்னறிவிப்பு ஏதுமின்றி ஒரேயடியாக உடைகிறது. பல்வகைக் கனிமங்களும் குறைகளும் கலந்த பொருள் முதலில் ஆங்காங்கே சிறிது சிறிதாக உடைந்து, ஓசை எழுப்பி, பின்னரே முறிகிறது. குறையற்ற பொருளே நல்லது என்பது பொதுவான எண்ணம். ஆனால் எச்சரிக்கை என்று பார்த்தால் குறைகள் நிறைந்த பாறையே நம்பத் தக்கது. விரிசலின் முனையைச் சுற்றிலும் உள்ள வலிய பருக்கைகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. அதனால் சேதம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது.

நினைவும் சோர்வும்

1950-இல் செருமனியின் யோசப் கைசர் தம் முனைவர் பட்ட ஆய்வில் உலோகங்களில் ஒரு பண்பைக் கண்டார். ஒரு மாதிரியைக் குறிப்பிட்ட சுமை வரை ஏற்றி இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றினால், பழைய உச்சத்தைத் தாண்டும் வரை ஒலி ஏதும் எழுவதில்லை. தாண்டியவுடன் மீண்டும் ஒலிக்கத் தொடங்குகிறது. கைசர் விளைவு எனப்படும் இது பாறைகளிலும் உள்ளது. பாறை தான் தாங்கிய மிகப் பெரிய சுமையை நினைவில் வைத்திருக்கிறது என்று இதைச் சொல்வர்.

மேலே கண்ட இழைக்கட்டு இதை உடனே விளக்கிவிடுகிறது. 200 அலகு சுமையில் அறுக வேண்டிய இழைகள் முதல் தடவையே அறுந்துவிட்டன. சுமையை எடுத்துவிட்டு மீண்டும் 200 அலகை ஏற்றினால் அறுவதற்கு நலிந்த இழை எதுவும் இல்லை. நூறு முறை ஏற்றினாலும் அதே 724 இழைகள் அப்படியே நிற்கும்.

ஆனால் இங்கேதான் சிக்கல். நினைவு முழுமையானது என்றால் பாறைக்குச் சோர்வே வரக்கூடாது. உண்மையிலோ பாறை சோர்ந்து உடைகிறது. ஆய்வகச் சோதனைகளில், ஒரே ஏற்றத்தில் உடைக்கத் தேவையான சுமையின் 60 முதல் 80 விழுக்காடு அளவே உள்ள சுமையை ஆயிரக்கணக்கான தடவைகள் ஏற்றி இறக்கினால் பாறைகள் முறிந்திருக்கின்றன. ஆகவே கைசரின் நினைவு முழுமையானதன்று. ஒவ்வொரு சுற்றிலும் அது சிறிது அழிகிறது. மீண்டும் ஏற்றும்போது பழைய உச்சத்தை எட்டுமுன்பே ஒலி எழத் தொடங்கினால், சேதம் முற்றிவிட்டது என்று பொறியாளர்கள் கொள்கின்றனர்.

நினைவை அழிப்பவை எவை? முதலாவது நீர். பாறைகளில் மிகுதியாக உள்ள சிலிக்கனுக்கும் ஆக்சிசனுக்கும் இடையிலான பிணைப்பு, விரிசலின் முனையில் இழுபட்டு நிற்கும்போது நீர் மூலக்கூறு அதைத் தாக்கி அறுத்துவிடும். இதனால் மாறுநிலைத் தகைவுக்கு மிகவும் கீழேயே விரிசல் மெல்ல ஊர்கிறது. இது தகைவு அரிமானம் எனப்படும். ஈரப்பாறை காய்ந்த பாறையைவிட விரைவில் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது உராய்வு. சுமை இறங்கும்போது விரிசலின் இரு முகங்களும் முன்பிருந்த இடத்துக்கே சரியாகத் திரும்புவதில்லை. இடையில் உதிர்ந்த பொடி ஆப்புப்போல் மாட்டிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்தில் அந்தப் பொடியே விரிசலின் முனையை நெம்புகிறது. மூன்றாவது, குவார்ட்சு, பெல்சுபார், மைக்கா போன்ற அடுத்தடுத்த கனிமங்கள் வெவ்வேறு அளவில் நீள்வதும் சுருங்குவதும். சுமை நீங்கிய பிறகும் அவற்றுக்கிடையே தகைவு எஞ்சுகிறது. உலோகச் சோர்வில் பெரும்பங்கு வகிக்கும் படிக வழுக்கல் சாதாரண வெப்பநிலையில் பாறைக்கு மிகக் குறைவு.

இதனால் உலோகத்துக்கும் பாறைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு எழுகிறது. ஒரு சுற்றுக்கு விரிசல் எவ்வளவு வளரும் என்பதற்குப் பால் பாரிசு 1960-களின் தொடக்கத்தில் தந்த விதி, அந்த வளர்ச்சி தகைவுச் செறிவின் ஏற்ற இறக்கத்தினுடைய ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்கிறது. உலோகங்களில் அந்த அடுக்கு பெரும்பாலும் 2-இலிருந்து 4 வரை இருக்கும். பாறை போன்ற நொறுங்கும் பொருள்களில் அது 10-ஐயும் 20-ஐயும் கூடத் தாண்டும். அடுக்கு 3 என்றால் சுமை 10 விழுக்காடு கூடினால் வளர்ச்சி 1.33 மடங்கு. அடுக்கு 20 என்றால் அதே 10 விழுக்காட்டுக்கு 6.7 மடங்கு. சுமை இரட்டித்தால் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். ஆகவே இரும்புப் பாலத்தின் ஆயுளைக் கணக்கிடுவதுபோல் பாறைச் சுவரின் ஆயுளைக் கணக்கிட இயலாது. சுமையின் அளவீட்டில் வரும் சிறு பிழையும் ஆண்டுகளைப் புரட்டிப்போட்டுவிடும்.

மீள்சுமையில் பாறையின் நிலையான உருமாற்றம் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் சில சுற்றுகளில் விரைவாகக் கூடும். பின் நெடுங்காலம் மிக மெதுவாகச் சீராகக் கூடும். கடைசியில் திடீரென வேகமெடுத்து முறிவில் முடியும். நடுக்கட்டமே ஆயுளின் பெரும்பகுதி. அப்போது வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

சிதறிய விரிசல்களுக்குச் சுற்றுதோறும் சேரும் சேதத்தையும், விரிசல்கள் ஓரளவு ஆறுவதையும் இழைக்கட்டு மாதிரியில் சேர்த்து, கூன், கார்மோனா, ஆந்திராடி, எர்மான் ஆகியோர் 2008-இல் ஒரு மாதிரியை வெளியிட்டனர். சுமைக்கும் ஆயுளுக்கும் இடையே பாசுக்குவின் 1910-இல் கண்ட அடுக்கு விதி அதிலிருந்து தானாகவே வெளிப்பட்டது. அவர்கள் ஒப்பிட்டது சாலைக்கு இடும் தார்க்கலவையுடன். கற்களும் பிசினும் கலந்த அதுவும் ஒருவகைச் செயற்கைப் பாறைதான்.

முறிவு நாளைக் கணித்தல்

மூன்றாம் கட்டம் தொடங்கிவிட்டால் ஓர் எளிய உத்தி உண்டு. மண்சரிவுகளுக்குச் சப்பானின் புக்குசோனோ 1985-இலும், எரிமலைகளுக்கு அமெரிக்காவின் பாரி வாய்ட் 1988-இலும் இதை முன்வைத்தனர். அசைவின் வேகத்தை வரைபடத்தில் குறிக்காமல் அதன் தலைகீழியைக் குறிக்க வேண்டும். ஒரு விரிசல் இன்று நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டரும், ஐந்து நாள் கழித்து நாளொன்றுக்கு 20 மில்லிமீட்டரும் விரிகிறது என்றால், தலைகீழிகள் 0.1, 0.05. இரண்டையும் கோட்டால் இணைத்து நீட்டினால் பத்தாம் நாளில் கோடு சுழியைத் தொடும். முறிவு அந்த நாளை ஒட்டி என்று எதிர்பார்க்கலாம்.

திறந்தவெளிச் சுரங்கங்களில் சரிவு நடக்குமுன் ஆட்களை வெளியேற்ற இம்முறை பயன்படுகிறது. ஆனால் கோடு எப்போதும் நேராக அமைவதில்லை. வேகமெடுத்த பாறை மீண்டும் அடங்குவதும் உண்டு. ஒழுங்கின்மை குறைந்த, மிக நொறுங்கும் பாறையில் மூன்றாம் கட்டமே சில நொடிகள்தான். கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் நடந்த பாறை வெடிப்புகள் இத்தகையவை. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர்களே அச்சுரங்கங்களில் பெரும்பான்மையினர். பாறை வெடிப்புகளுக்குப் பலியானவர்களிலும் அவர்களே மிகுதி. அங்கு நிலத்தடியில் அதிர்வு உணரிகளை வைத்துப் பாறையின் நுண்ணொலிகளைக் கண்காணிக்கும் பணி நடந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அங்கேயே தொடங்கப்பட்டதற்கும் இதுவே பின்னணி. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

இயற்கையில் மீள்சுமை

வெப்பச் சோர்வுக்கு நன்கு அளக்கப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் உள்ளது. அங்குக் கருங்கல் மலைகள் வெங்காயத் தோல்போல் தகடு தகடாகப் பிரிகின்றன. பிரையன் காலின்சு, கிரெக் சுடாக் ஆகிய இருவரும் 19 மீட்டர் உயரமும் சுமார் 10 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு கல் தகட்டின் பின்னால் உள்ள இடைவெளியை மூன்றரை ஆண்டுகள் அளந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். பகலில் வெயில் ஏறத் தகடு வெளிப்புறம் வளைந்து இடைவெளி விரிகிறது, இரவில் மூடுகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மழையோ பனியோ நிலநடுக்கமோ இல்லாத கோடைப் பிற்பகல்களில் பாறைகள் விழுவது ஏன் என்ற புதிருக்கு இது விடை தந்தது.

நீரின் மீள்சுமைக்கு மகாராட்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கம் உலகப் புகழ் பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியதும் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. 1967 திசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு 180-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னும் ஒவ்வோர் ஆண்டும் அங்கு நடுக்கங்கள் தொடர்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறிய பிறகும், பின்னர் நீர் இறங்கும் மாதங்களிலும் அவை மிகுகின்றன. நீர்மட்டம் முந்தைய உச்சத்தைத் தாண்டும் ஆண்டுகளில் பெரிய நடுக்கத்துக்கு வாய்ப்பு கூடுகிறது என்று அர்ச குப்தா உள்ளிட்ட ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். ஆய்வகக் கல்லில் கைசர் கேட்ட நினைவின் சாயல் இங்கே ஒரு நிலப்பகுதியின் அளவில் தெரிகிறது. எனினும் கொய்னாவில் நீரின் எடையைவிட, ஆழத்துக்கு ஊறி இறங்கும் நீர் பிளவுகளில் ஏற்படுத்தும் துளையழுத்தமே முதன்மையாகக் கருதப்படுகிறது. இதை நேரில் அறிவதற்காக அப்பகுதியில் 3 கிலோமீட்டர் ஆழ முன்னோடித் துளை ஒன்று இடப்பட்டுள்ளது.

புவியில் நிலவின் ஓத விசை மிகச் சிறியது. பாறைக்குள் அது உண்டாக்கும் தகைவு சில கிலோபாசுக்கல் அளவே. அதனால் நிலநடுக்கத்துக்கும் ஓதத்துக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலான இடங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. நிலவில் நிலைமை வேறு. அப்பல்லோ பயணிகள் வைத்துவந்த நிலநடுக்கமானிகள் 1977 வரை இயங்கி, நிலவின் ஆழத்தில் ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்களைப் பதிவு செய்தன. அவை குறிப்பிட்ட சில இடங்களிலேயே, சுமார் 27 நாளுக்கு ஒருமுறை புவியின் ஈர்ப்பு ஏறி இறங்கும் ஒழுங்குக்கு ஏற்ப, மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன.